சகலனின் டிஷ்

யசீகரன் ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான். உள்ளேயே தங்கக்கூடிய அவனுடைய புதிய மோட்டர்ஹோமின் கூரையில் மல்லாந்து படுத்திருந்த டிஷ் மெல்ல எழுந்தது, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தது, தானாகவே செய்மதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே பெரிய தொலைக்காட்சியில் படம் வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாபகூராவில் யசீகரன் வீட்டு வாசலில் நின்று இதைப் பார்த்த கேதீஸ்வரனுக்கு வயிறு எரிந்தது.

யசீகரன் அவனுக்குச் சகலன். மனைவி ரதிதேவியின் தங்கை கிருசாந்தியைக் கட்டியவன். ஆக்லாந்து ஆண்டுவிழாவுக்குக் கிடைக்கும் நீண்ட வார இறுதியில் இரு குடும்பமும் ஒரேவாக் கடற்கரைக்குப் போய்த் தங்குவது ஐந்து வருட வழக்கம். போன வருடம்வரை படுத்துத் தூங்கும் வசதியுள்ள வான் இருந்தது கேதீஸ்வரனிடம் மட்டும்தான். மற்றவர்கள் கூடாரம் அடித்தார்கள்.

வானைவிட அவனுக்குப் பெரிது ரதிதேவியின் தகப்பன், மாமா குணரத்தினம். கிரிக்கெட் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கேதீஸ்வரன் வெளியே வெயிலில் முக்காலியை நட்டு, திசைகாட்டியில் முந்நூற்றுப் பதினாறு பாகை பார்த்து டிஷ்ஷைத் திருப்புவான். மாமா வானுக்குள் இருந்து எண்களை வாசிப்பார். "நாப்பது... அம்பத்தஞ்சு... பொறும், பொறும்... ஐயோ, போச்சு." சொந்தத் தகப்பனோடு இப்படி ஒரு வேலையையும் சேர்ந்து செய்யக் கேதீஸ்வரனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது மாமா யசீகரனின் கூரையை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். "நல்ல விசயம் தம்பி. இனி வெய்யிலுக்குள்ள நிண்டு கத்தத் தேவையில்லை."

சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்து யசீகரனின் வண்டியிலேயே வைத்தார். ஒரேவா போய்ச் சேரும்வரை கேதீஸ்வரன் ரதிதேவியோடு நாலு வார்த்தை பேசியிருப்பானோ என்னவோ.

அங்கே வண்டிகள் தங்கும் முகாமில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று வெட்டவெளி. மற்றது பெரிய பொஹுடுகாவா மரத்தின் கீழே, கடலைப் பார்த்தபடி. யசீகரன் இறங்கி வந்து கேட்டான்.

"அண்ணை, எதில விடுறது நல்லம்? உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

தெரியாமல் என்ன? பாட்டனி டவுன்ஸ் கடையில் அவன் விற்பதே இந்தச் சாமான்களைத்தான். மரம் சரியாகச் செய்மதி இருக்கும் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கூரையில் பூட்டிய டிஷ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்றாலும் இலைக்குள்ளால் பார்க்காது.

"நீர் மரத்துக்குக் கீழ விடும்," என்றான் கேதீஸ்வரன். "மாமாவுக்கும் நிழல். கடலும் தெரியும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குப் பரவாயில்லை."

"தாங்க்ஸ் அண்ணை," என்றான் யசீகரன், மனம் நிறைந்து.

பதினொரு மணிக்கு இலங்கை அணியின் ஆட்டம். பத்தரையிலிருந்தே பக்கத்து டிஷ் எழும்புவதும் தேடுவதும் படுப்பதுமாக இருந்தது. அந்த மோட்டர்ச் சத்தம் கேதீஸ்வரனுக்குக் காதில் தேன் வார்த்தது போல் இருந்தது. தன் டிஷ்ஷை அவன் தனியாகவே பூட்டினான். எண்களை வாசிக்க ஆளில்லாததால் ஒவ்வொரு தடவையும் திருப்பிவிட்டு ஓடிவந்து திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. படம் வந்ததும் மாமாவுக்கு ஒரு கதிரையை விரித்து வைத்தான். எப்படியும் இங்கேதான் வரவேண்டும்.

முதல் விக்கெட் விழுந்தது. மாமா வரவில்லை. சிரிப்புச் சத்தம்தான் வந்தது. எட்டிப் பார்த்தான். மர நிழலில் மேசை போட்டு முந்நூற்றுநாலு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா, யசீகரன், கிருசாந்தி. சீட்டாட்டத்துக்கு நாலாவது கை தன் மனைவி.

"மாமா, மட்ச் தொடங்கீட்டுது."

"நீர் பாரும் தம்பி. இந்த ஆட்டம் முடியட்டும், வாறன்."

அந்த ஆட்டம் முடிந்தது. இன்னொன்று தொடங்கியது. திரையில் ஒருவன் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்தான். கேதீஸ்வரன் யாரிடமோ சொல்லத் திரும்பி, வெறும் கதிரையைப் பார்த்தான்.

ரதிதேவி தேநீர்ப் போத்தல் எடுக்க வந்தாள். வெளியில் நின்ற டிஷ்ஷைப் பார்த்தாள். அது பார்க்கும் திசையைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முதலே தெரியும், என்ன?"

அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

"அவன் உங்களைக் கேட்டுத்தானே அங்க விட்டவன்," என்றாள். போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை என்பது சீட்டாட்டம் தொடர்ந்ததில் தெரிந்தது. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். இதைத்தான் தாங்க முடியவில்லை.

பத்து நிமிடம் பொறுத்தான். பிறகு எழும்பிப் போனான்.

"யசீ, மரம்தான் மறைக்குது. அங்க விடச் சொல்லேக்கையே எனக்குத் தெரியும்."

கிருசாந்தி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். மாமா தன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றார். "அஞ்சு வருசமா உம்மோட டிஷ் பூட்டுறன். மரம் மறைக்கிறது தெரியாதோ? நீரே வந்து சொல்லுவீர் எண்டு பாத்தன். நேரமாப் போச்சு."

யசீகரனின் முகம் சிவந்திருந்தது. "ஏன் அண்ணை?"

மறந்துபோனேன் என்று சொல்லலாம். பகிடிக்குச் செய்தேன் என்றும் சொல்லலாம். "மாமா உம்மட வண்டியில ஏறினது எனக்குப் பிடிக்கேல்லை," என்றான் கேதீஸ்வரன். நாற்பத்தெட்டு வயதில் இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்று அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கிருசாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யசீகரன் சிரிக்கவில்லை. எழும்பி, வெட்டவெளியில் நின்ற முக்காலியைப் பார்த்தான்.

"உங்கட வயர் எவ்வளவு நீளம்?"

"இருவது மீட்டர்."

"காணும். இஞ்ச வரைக்கும் எட்டும்."

வெட்டவெளியில் நின்ற முக்காலியிலிருந்து வயரை இழுத்து, யசீகரனின் வண்டி யன்னலால் உள்ளே விட்டுப் பெரிய தொலைக்காட்சியின் செய்மதிப் பெட்டியில் பூட்டினார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வயரைப் பிடி, இன்னும் இழு என்பதற்கு மேல் பேச்சில்லை.

படம் வந்ததும் மாமா இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. கேதீசின்ர சின்ன ரீவியில பந்தே தெரியாது."

கேதீஸ்வரனுக்குத் திரும்பவும் சுருக்கென்றது. ஆனால் எழுந்து போகவில்லை. வாசல் படியில் குந்தினான். சிறிது நேரத்தில் யசீகரன் தேநீரோடு வந்து பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தான். கோபம் முழுதாக ஆறவில்லை என்பது குவளையை நீட்டிய விதத்தில் தெரிந்தது. என்றாலும் நீட்டினான்.

கடைசி ஓவர் வருவதற்கு முன்பே மாமா வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். சகலன்கள் இரண்டு பேரும் இருந்து, இலங்கை அணி தோற்றதைப் பார்த்து முடித்தார்கள்.