நாற்பத்தெட்டாவது வாரம்

பேக்கரி மாஸ்டரின் மனைவிக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். கல்யாணத்தோடு விட்டுப்போன பத்தாம் வகுப்பைப் பல வருஷம் கழித்துத் தனித்தேர்வராக எழுதத் துணிந்தவள், மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். நேர்கோட்டுச் சமன்பாட்டை வரைபடமாகப் போடும் இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. சமன்பாட்டில் எது சாய்வு, எது வெட்டுத்துண்டு என்று தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானம் மாஸ்டர் எடை மெஷினிலிருந்து துள்ளி இறங்கினார். டாக்டர் பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைத்த அன்று அவர் தொண்ணூற்றாறு கிலோ. அதற்கப்புறம் வாரம் தவறாமல் இரண்டு கிலோ இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இன்னிக்குத் தொண்ணூறு!"

"அப்படியே நில்லுங்க!" என்றவள், மாவு சிந்திய மேஜையைத் துடைத்து வரைபடத்தாளை விரித்தாள். படுத்திருக்கும் அச்சு வாரம். நிமிர்ந்து நிற்கும் அச்சு கிலோ. ஆரம்பித்த அன்று வாரம் பூஜ்யம், எடை தொண்ணூற்றாறு. நிமிர்ந்த அச்சின் மேலேயே ஒரு புள்ளி வைத்தாள்.

"இதுதான் y வெட்டுத்துண்டு. ஒரு வாரம் வலப்பக்கம் போனா ரெண்டு கிலோ கீழ. என்னங்க, உங்க சாய்வு மைனஸ் ரெண்டு!"

y = 96 − 2x என்று எழுதி, ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. கோடு சரிந்துகொண்டே போய்க் கீழ் அச்சில் முட்டியது.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அங்க எதுக்குப் போய் முட்டுது?"

"அது x வெட்டுத்துண்டு. y பூஜ்யம்னு போட்டா x நாப்பத்தெட்டு. அதாவது நாப்பத்தெட்டாவது வாரம் உங்க எடை சைபர்."

"அப்ப நான்?"

"நீங்க எங்க? சட்டை மட்டும் கடைக்கு நடந்து போகும்."

மாஸ்டருக்கு ஒரு கணம் பகீரென்றது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனாலும் உள்ளூர ஒரு சந்தேகம் அரித்தது போலிருக்கிறது. அந்த வாரம் முழுக்கக் கடையில் கேக் ஓரங்களை வெட்டும்போதெல்லாம் கை வாய்க்கே போனது. அடுத்த வாரமும் மெஷின் தொண்ணூறிலேயே நின்றது.

"காணாமப் போயிடக் கூடாதுல்ல, அதான்..." என்று தலையைச் சொறிந்தார்.

திட்ட வாயெடுத்தவள் பென்சிலை எடுத்தாள். "அடடே! இந்த வாரம் சாய்வு பூஜ்யம். கோடு படுத்துடுச்சு பாருங்க!"

தேர்வில் வரைபடக் கேள்வி வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விழித்துக்கொண்டிருக்க, அவள் புருஷனை நினைத்துச் சிரித்தபடியே இரண்டு வெட்டுத்துண்டுகளையும் வைத்து இணைத்தாள்.

முடிவு வந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பன் இலவசம். "கணக்குல பாஸு, என் பொண்டாட்டி!" என்று தெருவுக்கே கேட்கக் கூவிய மாஸ்டர், தனக்கும் ஒன்றை எடுத்தார். அவள் முறைத்ததும் பாதியைப் பிய்த்து அவள் வாயில் திணித்துவிட்டார்.