மென்பொருள் நீக்க விழா

மொரப்பூர் தாண்டி இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் எதற்கும் விழா உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள், கழிப்பறைக்குக் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதனால், கணினிக் கூடத்தின் அறுபது கணினிகளிலும் காலாவதியான வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று "புதுப்பி, புதுப்பி" என்று நச்சரித்தபோது, அதை நீக்குவதற்கும் தாளாளர் குப்புராஜ் விழா வைத்ததில் யாருக்கும் வியப்பில்லை.

நீக்கும் வேலை கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கவிப்பிரியாவின் தலையில் விழுந்தது. நாலு வருடமாகத் தற்காலிகம். "இத நல்லபடியா முடிச்சுக் குடும்மா, பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

அவள் நல்லபடியாகத்தான் செய்தாள். அறுபது கணினிக்கும் ஒரே கட்டளை. அதன் வாலில் ஒரு /S. அது இருந்தால் மென்பொருள் கேள்வி கேட்காது, பெட்டி எதுவும் திறக்காது, ஓசைப்படாமல் தன்னைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

விழாவன்று சிறப்பு விருந்தினர் மாலையும் கழுத்துமாக வந்து என்டரைத் தட்டினார். கைதட்டக் காத்திருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. திரை தேமே என்று இருந்தது.

"ஏம்மா, ஒண்ணும் ஆவலயே?" என்றார் தாளாளர்.

"ஆயிருச்சுங்க சார். அறுபதுலயும் போயிருச்சுங்க."

"போனா போற மாதிரி தெரிய வேணாமா? மானத்த வாங்கிட்டியே!"

விருந்தினரைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். கவிப்பிரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பந்தி முடிவதற்குள், திரையில் ஒரு சிவப்புப் பட்டை ஒன்றிலிருந்து நூறுவரை நிரம்பி, கடைசியில் சரவெடி வெடிக்கும்படி எழுதிவைத்தாள். அது எதையும் நீக்காது. நீக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

விருந்தினர் மறுபடி தட்டினார். தொண்ணூறைத் தாண்டியதும் முன்வரிசை எழுந்தே நின்றது. வெடி வெடித்ததும் கல்லூரி முதல்வர் பரவசத்தில் பொன்னாடையைக் கணினிக்கே போர்த்திவிட்டார்.

மாலையில் தாளாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உத்தரவை முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"இதும்மா வேலை! அடுத்த வாரம் தீர்த்தமலையில நம்ம ஸ்கூல்லயும் இதே மாதிரி நீக்கிடு."

"அங்க அந்த சாஃப்ட்வேரே இல்லீங்க சார்."

பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"அப்ப மொதல்ல போட்டுடு."

"சரிங்க சார்" என்றாள். கையெழுத்து விழுந்தது.