நீர்நாயை முதலில் பார்த்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிறு தவறாமல் ஏரிச் சரணாலயத்துக்குப் போவார். கரையோர மரக்குடிலில் பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்து, நீர்நாய் தலைகாட்டாதா என்று காத்திருப்பார். நாரை, ஆமை, நீர்க்காகம் எல்லாம் பார்த்தாயிற்று. அது மட்டும் கண்ணாமூச்சி காட்டியது. அதை மனைவிக்குத் தானே காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த ஞாயிறு மச்சினியும் அவள் புருஷனும் வந்திருந்ததால் எல்லோருமாகக் கிளம்பினார்கள். எல்லோரையும் கிளப்பியது சகலைதான்; அவருக்குக் குளியலறை ஓடு வியாபாரம். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"இங்க சத்தம் போடக்கூடாது," என்றார் கடைக்காரர்.

"மூச்சு விடலாமா அண்ணே?"

பெண்கள் சிரித்தார்கள். தன் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்ததாக அவருக்குப் பட்டது.

தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டிருந்தார்கள். கடைக்காரர் போய் எடுத்துக்கொண்டு திரும்பியபோது குடிலுக்குள் ஒரே ஆரவாரம்.

"ஐயோ, இப்பத்தான் போச்சுங்க!" மனைவி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "மீனைக் கவ்விட்டு வந்து பாறை மேல உக்காந்துச்சு. இவர்தான் மொதல்ல பாத்து எனக்குக் காட்டினார்."

கடைக்காரர் பாட்டிலை ணங்கென்று கீழே வைத்தார்.

"கீரியா இருக்கும்."

"கீரி முங்கு நீச்சல் அடிக்குமா அண்ணே?" சகலை போனை நீட்டினார். தடித்த வால், ஈர மீசை, வாயில் துடிக்கும் மீன்.

"படம் ஆடிப்போச்சு," என்று திருப்பிக் கொடுத்தார் கடைக்காரர். படமோ கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

"நான் பாத்து என்ன அண்ணே, நீங்கல்ல பாத்திருக்கணும்," என்றார் சகலை. உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் கடைக்காரருக்குத் தாங்கவில்லை. குடிலைச் சாத்தும்வரை இடத்தைவிட்டு அசையாமல் இருந்தும் நீர்நாய் திரும்ப வரவில்லை.

விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டேவிட்டாள்.

"பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை? நான் காட்டணும்னு இருந்தேன். கண்டவன் வந்து காட்டிட்டுப் போறான்."

"கண்டவனா? என் தங்கச்சி புருஷன். நானும் வர்றேன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? மொதல்ல அது கண்ணுல படட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போறேன்னு தட்டிக்கழிச்சீங்க. அவர் கூப்பிட்டார், போனேன்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து மடித்தார், கோணலாக வந்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து போனார்கள். பைனாகுலரைப் பெரும்பாலும் அவளே வைத்திருந்தாள். நாரை மீன் பிடித்தபோது அவர் தோளில் தட்டிக் காட்டினாள். நீர்நாய் வரவில்லை.

"தங்கச்சி புருஷன் வந்திருந்தா இதுவும் வந்திருக்கும்," என்றாள்.

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.