பதினைந்தாம் அறை

1890 டிசம்பர் 6, லண்டன். நாடாளுமன்றக் கட்டடத்தின் பதினைந்தாம் அறையிலிருந்து அயர்லாந்துக் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலானோர் எழுந்து வெளியேறினார்கள். தலைவர் பார்னல் உள்ளேயே இருந்தார்.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா ஒத்திகையில் ரிஷானி இப்படித்தான் தொடங்கினாள். ஜிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். குத்தகை விவசாயிகளுக்காக நின்று ஒரு தேசத்தையே தன் பின்னால் திரட்டியவர், இன்னொருவர் மனைவியோடு வாழ்ந்தது விவாகரத்து வழக்கில் வெளிவந்ததும் கட்சி உடைந்ததைத் தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த பள்ளித் தலைவர் சந்திரகுமார் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த மேடையில் பிள்ளைகள் பெரியவர்கள் எழுதிக்கொடுத்ததைப் பாடமாக்கித்தான் ஒப்புவிப்பார்கள். இதை எழுதியது யார்? வெள்ளிக்கிழமைகளில் அவர், பள்ளியில் தேநீர் ஊற்றும் சிவகலாவைத் தன் காரில் திரிம்பாக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பூசை முடிந்தும் இருவரும் உடனே திரும்புவதில்லை. அவள் கணவனுக்குக் கிழமை நாட்களில் பாசல் நகரில் தங்கி வேலை. யாரோ பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நிர்வாகத் தெரிவு. பக்கத்தில் இருந்த செயலாளர் கிஷோபனும் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார்.

"பிள்ளை, உது ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான் அங்கிள். ஸ்கூலுக்கு டொய்ச்சில எழுதினது. அதைத் தமிழில மாத்தினனான்."

"கிஷோபன் ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

கிஷோபன் தொலைபேசியிலிருந்து நிமிர்ந்தார். "அண்ணை, அயர்லாந்தில எனக்குத் தெரிஞ்சது உருளைக்கிழங்கு மட்டும்தான்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். சந்திரகுமார் சிரிக்கவில்லை.

"அந்தப் பொம்பிளையின்ர கதையை எடுத்துவிடும்."

"எடுத்தா, அவை ஏன் எழும்பிப் போனவை எண்டு சனம் கேக்குமே அங்கிள்."

"கேக்காது. எங்களைக் கேவலப்படுத்தத்தானே உதைச் செய்விக்கினம்."

"எங்களையோ?" என்றார் கிஷோபன். "ஆரை அண்ணை?"

சிவகலா சமையலறையிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்தாள். சந்திரகுமார் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கிஷோபன் அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அதுவரை அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, "நீர் சொல்லும் பிள்ளை, முழுக்கச் சொல்லும்" என்றார்.

அன்று சிவகலா தனியாக எஸ்-பான் ரயிலில் வீட்டுக்குப் போனாள்.

விழாவில் ரிஷானி ஒரு வரியும் விடாமல் பேசினாள். தலைமையுரையைப் புதிய தலைவர் கிஷோபன் ஆற்றினார். தேநீரை அன்று பெற்றோர்களே முறைவைத்து ஊற்றினார்கள்.