இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய்

"அந்தத் திருகு இப்ப லேசா சுத்துமே? ஒரு வாரமா அதைத் திட்டிக்கிட்டே இருந்தீங்கல்ல. நேத்து என் மெஷின் எண்ணெயை ரெண்டு சொட்டு விட்டேன்," என்றாள் என் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

போனைத் தேடினேன்.

பழைய வெல்டிங் சாமான்களை வாங்கிச் சீர்செய்து ஓடவைப்பது என் பிழைப்பு. அவள் சொன்னது, ஆக்சிஜன் சிலிண்டர் தலையில் மாட்டும் பித்தளை ரெகுலேட்டரை. என்னைவிட மூத்தது. அதைத் துடைக்கும் துணியில்கூட எண்ணெய் இருக்கக் கூடாது. சிலிண்டரைத் திறந்ததும் சீறி வரும் ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீக்குச்சியே வேண்டாம், திறந்தவன் முகத்திலேயே வெடிக்கும். திறக்கப்போகிறவன் அவள் தம்பி. சோதித்துப் பார்க்கிறேன் என்று காலையில்தான் தன் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தான்.

போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கிரைண்டர் ஓடும் இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

கத்தியிருப்பேன், என் வாய் அப்படி. கத்தவும் நேரமில்லை. சட்டைப் பொத்தான் போடாமலே வண்டியை எடுத்தேன்.

சிக்னலெல்லாம் எனக்கென்றே சிவப்பாக நின்றன. முன்னால் ஆடி அசைந்து போன லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். மச்சான் அவள் வளர்த்த பிள்ளை. அம்மா போனபின் அந்தத் தையல் மெஷினை மிதித்துத்தான் அவனை ஆளாக்கினாள். அவனுக்கு ஏதாவது ஆனால் அவளிடம் என்ன சொல்வேன்? உன் எண்ணெய்தான் என்றா?

பட்டறைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுசாக இருந்தது. ரெகுலேட்டர் சிலிண்டரில் இல்லை, மேசைமேல் தனியாகக் கிடந்தது.

"மாட்டிட்டேன் மாமா. வால்வுல கையும் வச்சுட்டேன். அக்கா பக்கத்துல வந்து நிக்கற மாதிரி ஒரு வாசம். அந்த மெஷின் எண்ணெ வாசம். அப்படியே கழட்டிட்டேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டா."

என் போன் அடித்தது.

"லேசா சுத்துச்சாங்க?"

வீட்டில் இன்னும் பழைய ரெகுலேட்டர்கள் கிடந்தன. சொல்லித்தான் ஆகவேண்டும், ஆனால் போனில் முடியாது. "நான் வந்து சொல்றேன்மா. அதுவரைக்கும் என் சாமான் எதையும் தொடாத," என்றேன்.

அவள் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"திட்டாம பேசுறீங்க," என்றாள். "என் தம்பிக்கு என்ன ஆச்சு?"

போனை அவனிடம் நீட்டினேன்.

"இருக்கேன்க்கா," என்றான்.