கலாசாரப் பரிமாறல்

நண்டுக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சுதர்ஷிகா குசினியிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. கறி நல்ல கறிதான். நான் பார்த்தது அவளுடைய விரல்களை. நகக்கண்ணெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். வயலின் வில்லின் மயிரில் எண்ணெய் பட்டால் அது தந்தியில் வழுக்கும், சத்தம் எழும்பாது. எங்கள் மாதா கோயில் இசைக்குழுவில் நான் செலோ வாசிக்கிறவள். அவள் முதல் வயலின். அதாவது, இன்று காலை வரைக்கும்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இரண்டிலும் பல் வைத்தியர், தபால்காரர், டிராக்டர் விற்கிறவர் என்று பொழுதுபோக்குக்கு வாசிக்கிறவர்களின் இசைக்குழுக்கள். வருசம் மாறி வருசம் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய், வீடுகளில் தங்கி, சேர்ந்து வாசிப்பார்கள். இந்த முறை இரண்டு கூட்டமும் திருகோணமலைக்கு வந்து எங்களோடு வாசிக்கிறது. பின்னேரம் கச்சேரி. அதைக் கேட்டுவிட்டு ஜெர்மன்காரரின் இசைக்குழு நடத்துநர் எங்களில் ஒருவரைத் தெரிவு செய்வார். அந்த ஆள் அடுத்த வருசம் அவர்களோடு ஜெர்மனியில் வாசிக்கலாம்.

அது சுதர்ஷிகாதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, கடையின் பின்னறையிலேயே மாதக்கணக்காகப் பயின்றவள். நேற்று ஒத்திகையில் அவள் வாசித்து முடித்ததும் அந்த நடத்துநர் தன் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

விழாக்குழுத் தலைவர் வின்சன்டும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இன்று காலை, மேடையில் எல்லாருக்கும் இருக்கக் கதிரை காணாது என்று ஒரு கதையைக் கொண்டுவந்தார். பெண்பிள்ளைகள் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கட்டுமாம். செலோவுக்கு வேறு ஆள் இல்லாததால் என்னை விட்டுவிட்டார். சுதர்ஷிகாவின் இடத்தில் மெல்ரோய் இருப்பானாம். மெல்ரோய் அவருடைய மகன். வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தால் அழகாக இருப்பான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கிக் கிடக்கிறதே என்று நான் சொன்னேன். "மாகிரட், விருந்தாளியள் வந்திருக்கிற நேரம் பிரச்சினை வேண்டாம்" என்று சிரித்தார். எங்களுடையது வேதக்காரக் குடும்பம் என்றாலும், படிக்கிறது தேவாரம் இடிக்கிறது சிவன் கோயில் என்பதை அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாரும் சொல்லுவார்கள்.

நாங்கள் மத்தியானம் சாப்பிட்ட மண்டபத்துச் சுவரில் பெரிய பதாகை. 'பரிமாற்றம்' என்று வரவேண்டிய இடத்தில் 'கலாசாரப் பரிமாறல்' என்று அச்சாகியிருந்தது. வின்சன்ட் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது. காலையில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நேற்று வாசித்த பெண் ஏன் எங்களோடு இருந்து சாப்பிடவில்லை என்று நடத்துநர் கேட்டார். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதுதான் சந்தோசம், அது எங்கள் கலாசாரம் என்று வின்சன்ட் இங்கிலிசில் விளக்கினார். அந்த மனிதர் பணிவாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு நண்டை எடுத்தார். நான் இடியப்பத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன். வாசலில், எறிந்த வாழையிலைகளை, ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று மென்றுகொண்டு நின்றது. அதற்கு அருவருப்பில்லை.

சுதர்ஷிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சட்டியை மேசையில் வைத்தாள். வெளியே குழாயடிக்குப் போய், நகக்கண்ணைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடத்துநருக்கு முன்னால் இருந்த வெறும் கதிரையில் அமர்ந்தாள்.

வின்சன்ட் குனிந்து, "பிள்ளை, என்ன இது? எழும்புங்கோ" என்றார்.

அவள் பதாகையைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அங்கிள் எழுதினது. பரிமாறுங்கோ."

நடத்துநர் புன்னகையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வின்சன்டால் சத்தம் போட ஏலாது. அகப்பையை எடுத்தார். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டைக் கைக்குள் வழிந்தது. இதுவும் எங்கள் வழக்கம் என்று நினைத்து வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

"சாப்பிட ஒரு கரண்டியும் தாங்கோ அங்கிள்" என்றாள் சுதர்ஷிகா. "பின்னேரம் வில் பிடிக்கிற கை."

வின்சன்ட் கரண்டி தேடிக் குசினிக்குள் போனார். அவள் சாப்பாட்டைத் தொடாமல் காத்திருந்தாள். வலக்கை துப்புரவாக மேசைமேல் இருந்தது. மேசைக்குக் கீழே, மடியில், இடக்கையின் நான்கு விரல்களும் சேலையில், தந்திமேல் போல, ஒவ்வொரு இடமாக அழுத்தி அழுத்தி எழும்பின.