செமகியா மூப்பர் விழுங்கிய வரி

கெபார் கால்வாய்க் கரையில் செமகியா மூப்பர் அழுதால்தான் எங்களுக்கு அது ஓய்வுநாள். எங்களைச் சிறைபிடித்து வந்த பாபிலோனை விட்டு, சொந்த ஊரான சீயோனுக்குத் திரும்புவோம் என்ற தீர்க்கதரிசனத்தை முப்பது வருடமாக ஒப்பித்து வந்தார். அழும் இடம், மூச்சு வாங்கும் இடம், தாடியைப் பிடிக்கும் இடம் எல்லாம் எங்களுக்கும் மனப்பாடம்.

பாபிலோனைப் பிடித்த பாரசீக ராஜா "போகலாம்" என்று ஆணையிட்டதும், போகிறவர்களின் பெயரெழுதும் வேலை மூப்பரிடமே வந்தது. தோல்சுருளை மடியில் விரித்து, ராஜாவே தன்னைக் கேட்டுத்தான் ஆணையிட்டது போல உட்கார்ந்தார்.

நெசவுக்காரி அபித்தாள் வந்து நின்றாள். ஏழு மாதம். அவள் புருஷன் ரெகூமின் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"நீ அடுத்த கூட்டத்தோட வாம்மா," என்றார் மூப்பர்.

"அது எப்போ, மூப்பரே?"

"கர்த்தருக்குத்தான் தெரியும். நாலு மாச நடை. நடுவழியில நீ பெத்துக்கிட்டு உட்கார்ந்தா கூட்டமே நிக்கணும்."

"ஐம்பது வருஷம் இங்கயே குந்தியிருந்தோம். பத்து நாள் நின்னா குடியா முழுகிடும்?"

"சும்மா இரு அபித்தா," என்றான் ரெகூம்.

"உன் பேரு ஏறிடுச்சுல்ல, நீ பேசாத." மூப்பரிடம் திரும்பினாள். "சரி, எழுத வேணாம். அந்தத் தீர்க்கதரிசனத்தை ஒருதரம் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

சொல்லச் சொன்னால் மூப்பர் விடுவாரா? எழுந்தார். அழுதார். மூச்சு வாங்கினார். தாடியைப் பிடித்தார்.

"கண்ணில்லாதவனும் வருவான், கால் முடியாதவனும் வருவான்..."

இங்கே நாக்கு முள்ளை மிதித்தது. பார்வையை அவசரமாக வானத்துக்கு ஏற்றி, "பெருங்கூட்டமாய் வருவார்கள்!" என்று தாவிவிட்டார்.

நாங்கள் விட்டால்தானே! சூளைக்காரன், மீன்காரி, பாதித் தூக்கத்திலிருந்த எண்ணெய்க்காரர் உட்பட அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்: "சூல் கொண்டவளும் வருவாள்! பிள்ளை பெறுகிறவளும் வருவாள்!"

அக்கரையில் நின்ற பாரசீகச் சேவகன், கலகமென்று நினைத்து ஈட்டியைத் தேடினான்.

எங்களுக்கு ராஜா இல்லை, மதில் இல்லை, ஆலயம் சாம்பலாகிக் கிடக்கிறது. எங்கள் வாயிலிருந்து ஒரு வரியைப் பிடுங்க மட்டும் எந்தப் படையாலும் முடிந்ததில்லை. பாவம், மூப்பர் தனியாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள கத்துறீங்க," என்றபடி உட்கார்ந்து அபித்தாளின் பெயரை எழுதினார்.

"பிள்ளைக்கும் இடம் விடுங்க."

"ஆணா பொண்ணான்னு தெரியாம என்னத்தை எழுதறது?"

"இடந்தான கேட்டேன்?"

இரண்டு விரற்கடை விட்டார். போதாதென்று அவள் அங்கேயே நின்றாள்.